எலாடியோ கடை வைக்காத கதை

எங்கள் வில்லார்தோசா கிராமத்தில் எலாடியோ அளவுக்கு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. கூட்டுறவு ஒயின் ஆலையில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "எவளையாவது கேட்டு, அவ சரின்னு சொல்லித் தொலைச்சிட்டா?" என்பான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். யாரையும் முகத்துக்கு நேரே போ என்று சொல்ல அவனுக்கு வராது. திட்டுவான், உறுமுவான், விரட்ட மட்டும் மாட்டான். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

ஊருக்குப் பின்னாலிருக்கும் குன்றைக் குடைந்து, ஒயின் வைக்க ஆளுக்கொரு நிலவறை வைத்திருக்கிறோம். எலாடியோவுடையது அவன் தாத்தா குடைந்தது. உள்ளே இரண்டு பீப்பாய், ஒரு நீள மேசை. சனிக்கிழமை மதியம் அவனும், நானும், பாஸ்குவாலும் அங்கேதான் சாப்பிடுவோம். நான் முடிவெட்டுகிறவன். பாஸ்குவால் முன்பு ரொட்டி சுட்டவன், காது மந்தம். வாசலில் காய்ந்த திராட்சைக் குச்சியை எரித்து, அந்தத் தணலில் ஆட்டு விலாக்கறியை எலாடியோ சுடுவான். அந்த வேலையை வேறு யாரையும் தொட விடமாட்டான்.

ஒரு மே மாதச் சனிக்கிழமை அப்படிச் சுட்டுக்கொண்டிருந்தபோது, விடுமுறைக்கு வலென்சியாவிலிருந்து வந்த ஒரு ஜோடி குன்றேறி வந்தது. கறி வாசனை இழுத்திருக்க வேண்டும். நேரே உள்ளே வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இன்னைக்கு என்ன இருக்கு?" என்றார் புருஷன்.

"இருக்கிறதுதான் இருக்கு," என்றான் எலாடியோ.

அந்தம்மா புருஷனைப் பார்த்து, கிடைக்காதது கிடைத்துவிட்ட மாதிரி சிரித்தாள். "மெனு கார்டு?"

"பசிக்குதா, படிக்கணுமா?"

அவர்கள் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். எலாடியோ, பாஸ்குவால் முன்னாலிருந்த தட்டை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தான். பிறகு என்னுடையதையும். பாஸ்குவாலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி காலி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒயினை ஊற்றியதும் அந்த மனிதர் கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடினார். "கொஞ்சம் புகை... கொஞ்சம் பழைய தோல்... இதுல வேற என்ன இருக்கு?"

"திராட்சை. குடிங்க, ஆறிப்போகுது கறி."

கிளம்பும்போது அவர் பணப்பையை எடுத்தார். எலாடியோ முகம் சிவந்துவிட்டது. "அதை உள்ள வைங்க. இல்லேன்னா கெட்ட கோபம் வந்துடும்." அந்தம்மாவுக்குக் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

அவர்கள் இறங்கிப் போனதும் கேட்டேன். "ஏம்ப்பா, இது கடையில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"உக்காந்துட்டாங்களே. உக்காந்தவங்கள எப்படிடா எழுப்புறது?"

"நாங்களும்தான் உக்காந்திருந்தோம்."

"நீங்க எங்க போயிடுவீங்க?"

அந்த ஜோடி இணையத்தில் எழுதிவிட்டது. "மெனு இல்லை, சிரிப்பு இல்லை, பில்லும் இல்லை. பெரியவரிடம் திட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்." அடுத்த சனிக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் பில்பாவோவிலிருந்து ஒரு வேனே வந்தது. எலாடியோ கரியால் ஒரு பலகையில் 'இது கடையில்லை' என்று எழுதி வாசலில் மாட்டினான். வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். காசு வாங்காததால் ஆளுக்கொன்றாக ஏதாவது கொண்டுவந்தார்கள். பாலாடைக்கட்டி, ஆரஞ்சுப் பழம், ஒருவர் கால்சட்டைக்கு வார்கூட. நானும் பாஸ்குவாலும் பரிமாறுகிறவர்கள் ஆகிவிட்டோம். பாஸ்குவாலிடம் ரொட்டி கேட்டால் தண்ணீர் வந்தது, தண்ணீர் கேட்டால் நாற்காலி வந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

"நீ திட்டுறதுக்காகத்தான் வர்றாங்க. ஒரு நாள் மரியாதையா நடந்து பாரு, ஓடிருவாங்க," என்று யோசனை சொன்னது நான்தான்.

அந்தச் சனிக்கிழமை அவனுக்கு முடிவெட்டி, முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். வாசலில் நின்று, "வாங்க, வாங்க, பிரயாணம் சௌகரியமா இருந்ததா?" என்றான். பல் தெரியச் சிரிக்கவும் செய்தான். பல்வலிக்காரன் சிரித்த மாதிரி இருந்தது. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பழைய மாதிரி இல்லை. காசு பார்க்க ஆரம்பிச்சிட்டாங்க போல," என்று ஒரு பெண் கிசுகிசுத்தாள். பாதிக் கறியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

ஜெயித்துவிட்டோம் என்று நான் கோப்பையைத் தூக்கினேன். எலாடியோ தூக்கவில்லை. மிச்சம் வைத்த கறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கறியில ஏதாவது குறையாடா?"

"இல்லப்பா. நல்லாத்தான் இருந்தது."

"அப்புறம் ஏன் வச்சிட்டுப் போனாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆள் அவர்கள் வருவதை விரும்ப ஆரம்பித்திருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து பெனிட்டா மேலேறி வந்தாள். சதுக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். புருஷனை இழந்து தனியாளாக நடத்துகிறாள். இடுப்பில் கையை ஊன்றி நின்றாள்.

"ஏம்ப்பா எலாடியோ, சனிக்கிழமையானா என் கடையில ஈ ஓட்டிக்கிட்டிருக்கேன். லைசென்ஸ் எனக்கு, கூட்டம் உனக்கா?"

"நானா கூப்பிட்டேன்? கூட்டிட்டுப் போயேன் எல்லாரையும்."

பெனிட்டா ஒரு கறித்துண்டை எடுத்துக் கடித்தாள். நின்றுகொண்டே இரண்டாவதையும் எடுத்தாள். மூன்றாவதற்கு உட்கார்ந்தாள்.

"உப்பு ஜாஸ்தி," என்றாள்.

"நாக்குல கோபம் இருந்தா அப்படித்தான் தெரியும்."

அவள் எலும்பைத் துப்புரவாகக் கடித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "என் கடைக் கொல்லையில இடம் இருக்கு. சனிக்கிழமை அங்க வந்து சுடு. வர்றவங்கள உன் இஷ்டத்துக்குத் திட்டிக்க. என்னை மட்டும் திட்டாதே."

மறு சனிக்கிழமை எலாடியோ தன் இடுக்கியோடு அவள் கொல்லையில் நின்றான். விலாக்கறியைக் கத்தியால் நறுக்கித் தின்ன முயன்ற மாட்ரிட்காரர் ஒருவரிடம், "கையை என்ன வாடகைக்கு விட்டிருக்கீங்களா?" என்று கேட்டானாம். அந்த மனிதர் மறுவாரம் தன் மாமனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

நிலவறை எங்களுக்கே திரும்பக் கிடைத்தது. நானும் பாஸ்குவாலும் முதல் சனிக்கிழமை கறியைக் கரியாக்கினோம். இரண்டாவது சனிக்கிழமை உள்ளே வேகவேயில்லை. மூன்றாவது சனிக்கிழமை சட்டையை மாற்றிக்கொண்டு சதுக்கத்துக்கு இறங்கினோம்.

கொல்லை முழுக்க வெளியூர்க்காரர்கள். பெனிட்டா எதையோ சொல்ல, எலாடியோ தணல் பக்கம் குனிந்து சிரிப்பை மறைத்தான். நாங்கள் நிற்பதைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"இடம் வேணும்னு முன்னாலேயே சொல்லி வச்சிருக்கீங்களா?"

"டேய், நாங்கடா."

"யாரா இருந்தா என்ன? வரிசையில நில்லுங்க."

பாஸ்குவாலுக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டது. என் தோளைத் தொட்டு, வலென்சியாவிலிருந்து வந்த ஒரு கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றான். நானும் நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கழிப்பறைக்குப் பக்கத்து மேசை கிடைத்தது. கறி அருமையாக இருந்தது.