உடைந்த நாலாவது முகம்

என் மேசையில் ஒரு சுட்ட களிமண் பலகை இருக்கிறது. கிடைத்த துண்டுகளைப் பசையால் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு காது, கன்னத்தின் ஓரம், கீழுதட்டில் பாதி; மிஞ்சியது அவ்வளவுதான். கண்கள் இருந்த இடத்தில் ஓட்டை. தினமும் காலையில் பதுளையில் உள்ள என் மருந்துக் கடைக்குப் புறப்படுமுன் அதைத் துணியால் துடைக்கிறேன், கோடுகளுக்குள் அடைந்த கரி போய்விடாதபடி மெதுவாக. வரைந்தவள் என் அக்கா. சுட்டவர் அவள் கணவர், என் மச்சான். உடைத்தவளும் அக்காதான்.

தெமோதரையில் அவர்கள் ஒரே வீட்டில் இரண்டு தொழில் நடத்தினார்கள். அக்கா கரியால் ஆளுயரப் படங்கள் வரைவாள். அவள் கை பொல்லாதது. கரிக்குச்சி அந்த விரல்களில் இரண்டு கோட்டுக்கு மேல் தாங்காது, நொறுங்கிவிடும். தாள் கிழியும்; கிழிசலையும் படத்தில் சேர்த்துக்கொள்வாள். மச்சான் களிமண்ணில் உருவங்கள் செய்து கொல்லையில் இருந்த சூளையில் சுடுவார். கொழும்பில் ஒரே மண்டபத்தில் கண்காட்சி வைத்தபோதும் எதிரெதிர்ப் பக்கங்களில்தான் வைத்தார்கள். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவதில்லை என்பது கல்யாணமான நாள் முதல் அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. சூளைக் கொட்டகைக்குள் அக்கா கால் வைத்ததே இல்லை. "அவரு அடுப்பு அவருக்கு, என் கரி எனக்கு" என்பாள். பின்னால் நடந்ததற்கு அந்த ஏற்பாடே வழிவிட்டது.

அப்பா ஹல்துமுல்லைக்குக் கீழே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருந்தார். பின்பக்கத்து நிலத்தை வாங்கிய ஒருவர் அங்கே விடுதி கட்டப் பாதை கேட்டார். பாதை அப்பாவின் முட்டைக்கோவாப் பாத்தியை வெட்டிக்கொண்டு போக வேண்டும். அப்பா மறுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், அப்பாவைப் பார்க்கப் போயிருந்த அக்கா அங்கே மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, நான்கு பேர் வந்தார்கள். முதல் ஆள் இரும்புக் குழாயால் அப்பாவின் தாடையில் அடித்தான். விழுந்தவரை இருவர் வயிற்றில் மிதித்தார்கள். தடுக்க ஓடிவந்த அக்காவின் தலைமயிரை நாலாவது ஆள் கையில் சுற்றிப் பிடித்து, அவள் முகத்தைக் கதவு நிலையில் மோதினான். அவள் படம் வரைபவள் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். "நல்லா பாத்துக்க, வரைஞ்சுக்க" என்று சிரித்தானாம். பிறகு கூரைக்குத் தீ வைத்தார்கள். அப்பா அந்த வாரமே ஆஸ்பத்திரியில் இறந்தார். லயத்து ஆட்கள் வாசல்களில் நின்று பார்த்திருந்தார்கள். பொலிஸ் விசாரித்தபோது ஒருவரும் எதையும் பார்க்கவில்லை.

காரியம் முடிந்ததும் அக்கா, எரிந்த கூரையின் கரிந்த மரத்துண்டுகளைச் சாக்கில் அள்ளி வந்தாள். தாளில் வரைய மறுத்தாள். தாள் எரியும், எரியாததில் வேண்டும் என்றாள். ஈரம் காயாத நான்கு களிமண் பலகைகளை மச்சானிடம் வாங்கி, ஒன்றுக்கு ஒரு முகமாக வரைந்தாள். அவளுக்கு ஒரு கண் இன்னும் வீங்கி மூடியிருந்தது. வரைந்தாள் என்பதைவிடக் கரியால் மண்ணில் குத்தினாள் என்று சொல்வதே சரி. முடித்ததும் துணி போட்டு மூடினாள். காய்ந்த பலகைகளை மச்சான் துணியோடே தூக்கிப் போனார். பார்த்தால் தானும் சாட்சி ஆகிவிடுவோம் என்ற பயத்தில் கண்ணைத் திருப்பிக்கொண்டே சூளையில் அடுக்கியதாகப் பின்னால் சொன்னார்.

சூளையைத் திறந்த மத்தியானம் நானும் இருந்தேன். நான்கு பலகைகளும் செங்கல் நிறத்தில், சாம்பல் படிந்து, வெறுமையாக வெளியே வந்தன. அக்கா புரியாமல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். சூளைக்குள் கரி எரிந்து போய்விடும் என்பது மண் சுடும் எவருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது.

"தெரிஞ்சுதானே வச்சீங்க?" என்று கேட்டாள்.

மச்சான் ஒரு பலகையை மார்போடு பிடித்தபடி நின்றார். "ஆமா. போகட்டும்னுதான் வச்சேன். அவனுங்க திரும்பி வருவானுங்க புள்ள. நீ உசுரோட இருந்தா எனக்குப் போதும்."

"அப்ப எங்கப்பா உசுரு?"

கையில் இருந்ததை வீசினாள். அது அவர் நெற்றியில் பட்டு உடைந்தது. விழுந்த துண்டுகளின் மேல் ஏறி மிதித்தாள், சில தூளாயின. நான் அவளைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தேன். என் கையைக் கடித்தாள். மச்சான் அசையவில்லை. நெற்றியிலிருந்து வழிந்த இரத்தம் அவர் பிடித்திருந்த பலகையில் சொட்டியது. சொட்டியது பரவவில்லை, வாய்க்காலில் ஓடும் நீர்போல ஒரு வளைவில் ஓடியது. ஒரு புருவம் தெரிந்தது. பிறகு மூக்கின் ஓரம்.

கரி போயிருந்தது. அவள் கை அழுத்திய பள்ளம் போகவில்லை.

மச்சான்தான் முதலில் குனிந்தார். அக்காவின் சாக்கிலிருந்து கரித்தூளை அள்ளி, இரத்தத்தோடு சேர்த்தே பலகையில் தேய்த்துத் துடைத்தார். பள்ளங்களில் கரி தங்கி, ஒரு முகம் எங்களைப் பார்த்தது. மற்ற இரண்டிலும் அப்படியே. நாலாவது, அக்காவின் தலைமயிரைப் பிடித்தவனின் முகம், எங்கள் காலடியில் கிடந்தது.

மூன்று பலகைகளையும் தோட்டத்துக்குக் கொண்டுபோய், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் இடத்தில் சாய்த்து வைத்தோம். தூக்கிவந்தவர் மச்சான், நெற்றியில் தையலோடு. கொழுந்துக் கூடைகளோடு வந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். பிறகு அப்பாவுக்கு அடுத்த வீட்டுச் சித்தி கூடையை இறக்கிவிட்டு ஒரு முகத்தின் மேல் விரலை வைத்தார். "இவன் பெரகல சந்தியில நிக்கிறவன். நான் சொல்றேன், எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்று பெயரையும் சொன்னார். அதன் பிறகு மற்றவர்களுக்கும் வாய் வந்தது. அந்த மூவரும் இப்போது உள்ளே இருக்கிறார்கள். நாலாவது ஆள் வெளியூர்க்காரன், லயத்துக்கு முதுகு காட்டியே நின்றவன்; அவன் முகத்தைப் பார்த்தவள் அக்கா மட்டும். பிடிபட்டவர்கள் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அக்கா இப்போது சூளைக் கொட்டகைக்குள் போகிறாள், தானே கதவைத் திறக்கிறாள். அந்த முகத்தைத் திரும்ப வரைய எத்தனையோ முறை உட்கார்ந்துவிட்டாள். எப்படித் தொடங்கினாலும் நெற்றி வெடித்து நிற்கும் மச்சானின் முகத்தில்தான் முடிகிறது என்கிறாள். அந்தப் படங்களை மச்சான் கிழிக்க விடுவதில்லை, சுவரில் மாட்டுகிறார்.

நேற்று பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒருவன் இருந்தான். பலகையில் இருக்கும் அதே காது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. தெமோதரையில் அவன் திரும்பி, "அண்ணே, மணி என்னாங்க?" என்று மரியாதையாகக் கேட்டான். சொன்னேன். இந்தக் கண்கள்தானா என்று ஒத்துப்பார்க்க என்னிடம் எதுவும் இல்லை. அவன் இறங்கிப் போனான்.

வீட்டுக்கு வந்து பலகையைக் கையில் எடுத்தேன். கண்கள் இருந்த ஓட்டை வழியாக என் உள்ளங்கை தெரிந்தது.