இடப்பக்கம் மூன்று அங்குலம்

நான் செய்த ஏழாவது லொறியின் நீளம் ஒன்றரை அடி. அதற்கு முந்தைய ஆறும் மனம்போன அளவில் செய்தவை. பிஸ்கட் டின் தகட்டில் உடம்பு, தேய்ந்த சிலிப்பரில் வெட்டிய சக்கரங்கள், குடைக்கம்பியில் அச்சு, மருந்துப் போத்தல் மூடியில் முன்விளக்கு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் எனக்கு உண்மையான வேலை தொடங்கும். ஆறாவது லொறிக்கு நான்கு ஹோர்ன்கள் வைத்தேன், முன்கண்ணாடிக்கு மேல் ஜிகினாத் தோரணம் கட்டினேன், பின்கதவில் இரண்டு மயில்கள் வரைந்தேன். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது லொறியா, தேரா? வடம் எங்க?" என்று கேட்டான். மூன்று நாட்கள் நான் அவனோடு பேசவில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. இறம்பொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு மாமாவுடையது. அம்மாவின் தம்பியான அவர்தான் தோட்டத்துக் கொழுந்து லொறியின் டிரைவர். மேல் டிவிசனில் பறித்த கொழுந்தைச் சாக்குகளில் ஏற்றி ஃபெக்டரிக்கு இறக்குவது அந்த லொறியின் வேலை. சாயங்காலம் கடைசி நடையில் சாக்குகளோடு பெண்களும் ஏறிக்கொள்வார்கள். அம்மாவும் அதில்தான் வருவார். இறங்கும்போது பாதையின் இடப்பக்கம் முழுக்கப் பள்ளம்.

மாமா அதிகம் பேசாதவர். பெண்கள் ஏறும் நேரத்தில் மட்டும் கத்துவார். "எல்லாரும் வலப்பக்கம் குந்துங்க! அக்கா, ஒனக்குந்தான் சொல்றேன்!"

"என்னா டைவர் தம்பி, இந்தப் பக்கம் வரப்போற பொண்டாட்டிக்கு எடம் புடிச்சி வச்சிருக்கீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். மாமாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதால் சிரிப்பு அடங்க நேரமாகும்.

லொறியின் பின்பக்கம், இடது ஸ்பிரிங்கில் இரண்டு பட்டைகள் முறிந்திருந்தன. வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தே நிற்கும். மாமா தோட்டத்து ஒபிஸில் சொல்லியிருந்தார், எழுதியும் கொடுத்திருந்தார். பெரிய கிளாக்கர் ஒவ்வொரு முறையும் "அடுத்த மாசம் பாப்போம்" என்றார். இது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முன்பல் விழுந்த ஒருவரின் முகத்துக்குப் பழகிப்போவதைப் போல அந்தச் சாய்வுக்கு நாங்கள் பழகிப்போயிருந்தோம்.

ஆயுத பூசைக்கு இரண்டு வாரம் இருந்தபோது மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதுவரை என் லொறிகள் எதையும் அவர் கையில் எடுத்துப் பார்த்தவரில்லை.

"பாப்பா, நம்ம லொறிய செய்றியா? ஃபெக்டரி பூசையில வைக்கலாம். பெரிய தொரை வருவாரு. ஆனா இருக்கிற மாதிரியே செய்யணும். மயிலு கூடாது."

"ஒரே ஒரு மயிலு மாமா?"

"அர மயிலும் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை ஃபெக்டரி முற்றத்தில் வெறும் லொறி நின்றது. அம்மாவின் தையல் நாடாவைக் கொண்டுபோய் அளந்தேன். லொறியில் ஓர் அடி என்றால் என் கணக்கில் ஓர் அங்குலம். பின்பக்கம் வந்ததும் நாடாவின் ஒரு முனையை மாமாவே பிடித்துக்கொண்டார். தரையிலிருந்து பெட்டியின் அடிவிளிம்பு வரை வலப்பக்கம் முப்பத்தொரு அங்குலம், இடப்பக்கம் இருபத்தெட்டு.

"இன்னொருக்கா அள."

மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதே எண்கள். "கொப்பியில எழுதி வை" என்றார். பெரியவர்களுக்கு அளவுகளில் நம்பிக்கை குறைவு என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்.

பாடசாலை விட்டு வந்ததும் வேலை. தேயிலைப் பெட்டி கட்டும் தகட்டை மெல்லிய பட்டைகளாக வெட்டி, வலது ஸ்பிரிங்கில் ஐந்து, இடதில் மூன்று என்று அடுக்கினேன். பச்சை வர்ணம், கதவில் இருந்த கீறல், மேலே சுருட்டிக் கட்டிய தார்ப்பாய்ப் படங்கு, எல்லாம் லொறியில் இருந்தபடியே அமைந்தன. பூசைக்கு முந்தின நாள் அதை மேசையில் நிறுத்தினேன். அது இடப்பக்கம் கால் அங்குலம் சாய்ந்து நின்றது. எனக்கு அழுகை வந்தது. அத்தனை நாள் உழைப்பும் கைத்தவறு மாதிரித் தெரிந்தது. சிலிப்பர் ரப்பரில் ஒரு சீவல் எடுத்து இடது ஸ்பிரிங்கின் மேல் சொருகினேன். லொறி நிமிர்ந்தது.

சாயங்காலம் மாமா வந்தார். கண் மேசை மட்டத்துக்கு வரும்வரை குனிந்து பார்த்தார். பிறகு ஒரு விரலால் அந்தச் சீவலை வெளியே தள்ளினார்.

"கோணலா இருந்தா எனக்குச் செய்யத் தெரியலன்னு நெனைப்பாங்க மாமா."

"நெனைக்கட்டும். கொப்பி இருக்கில்ல?"

"இருக்கு."

"நாளைக்கு அதையும் கொண்டா."

மறுநாள் ஃபெக்டரி இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். லொறியைக் கழுவி, மாலை போட்டு, முன்னால் இரண்டு வாழைகள் கட்டியிருந்தார்கள். அவையும் அதோடு சேர்ந்து சாய்ந்து நின்றன. என் லொறி பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில், தோட்டத்து மெனேஜரான பெரிய தொரையின் நாற்காலிக்கு நேர் எதிரே இருந்தது. அதை அங்கே வைத்தவர் மாமா.

பூசை முடிந்ததும் தொரை அதைக் கையில் எடுத்தார். கதவுக் கீறலைக் கண்டு சிரித்தார். மேசையில் திரும்ப வைத்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா ஏன் ஒரு பக்கம் சாயுது?" என்று கேட்டார்.

மாமா என் பக்கம் பார்த்தார். என் காது இரண்டும் சுட்டன. "நான் சரியாத்தான் செஞ்சேன்! லொறிதான் கோணல்!" என்று கத்திவிட்டுக் கொப்பியை நீட்டினேன்.

தொரை அந்தப் பக்கத்தைப் படித்தார். எழுந்து முற்றத்துக்குப் போனார். என் நாடாவை வாங்கி, மாலை போட்ட லொறியின் பின்னால் குந்தி, இரண்டு பக்கமும் தானே அளந்தார். பெரிய கிளாக்கர் தூரத்தில் அணையப்போகும் கற்பூரத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்னா ஏத்துற?"

"கொழுந்து தொரை" என்றார் மாமா. பிறகு, "சாயங்காலம் பொம்பளைங்களையும்."

தொரை கிளாக்கர் பக்கம் திரும்பினார்.

"அடுத்த மாசம்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"இந்த வாரமே" என்றார் தொரை.

போகும்போது என் லொறியையும் கொண்டுபோனார். அது ஒபிஸ் அலுமாரியின் மேல் இருப்பதாகச் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை ஐந்து நாட்கள் நீடித்தது. ஆறாம் நாள் லொறி நுவரெலியா கராஜிலிருந்து திரும்பி வந்தது. ஓடிப்போய் அளந்தேன். வலப்பக்கம் முப்பத்தொன்று, இடப்பக்கமும் முப்பத்தொன்று. ஒபிஸ் அலுமாரியில் எல்லோரும் பார்க்க இருப்பது இப்போது பிழையான லொறி.

"மாமா, அத வாங்கித் தாங்க. ரெண்டு பட்ட சேத்துத் தந்துர்றேன்."

"அது அங்கயே கோணலா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாமா மேல் டிவிசனுக்கு வண்டியை எடுத்தார்.

அன்று சாயங்காலம், இன்னொரு முறை கேட்பதற்காகக் கொப்பியோடு வளைவில் காத்திருந்தேன். லொறி இறங்கி வந்தது. பெண்கள் இரண்டு பக்கமும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். இடப்பக்கத்து ஓரத்தில், பள்ளத்தின் பக்கமாக அம்மா. ஒரு கையைப் பலகையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர் சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்தபடி வந்தார். என்னைக் கண்டதும் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

பிறகு கொப்பியைத் திறந்து, இருபத்தெட்டை அடித்துவிட்டு முப்பத்தொன்று என்று எழுதினேன். செய்த ஏழு லொறிகளில் அந்த ஒன்றுதான் வீணாய்ப் போனது என்ற வருத்தம் எனக்கு வெகுநாள் இருந்தது.