வேல்குமார் செத்து விழுந்த காட்சி

சாமளாபுரத்தில் தறி ஓட்டும் வேல்குமார் ஒரே ஒரு படத்தில் நடித்திருக்கிறார். எந்தத் தியேட்டருக்கும் வராத படம். ஆனாலும் ஊரில் கொஞ்ச காலம் அவரைச் ‘சாமுராய்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

அதற்குக் காரணம் தௌபிக். இருபது வருசத்துக்கு முன்னால் நல்லூரில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். தனியாளாகத் திரியும் கொலைகாரர்களைப் பற்றிய வெளிநாட்டுப் படங்கள் என்றால் அவருக்கு உயிர். அந்தப் படங்களில் வரும் கொலைகாரனுக்கும், ஜப்பானின் பழைய வாள்வீரர்களான சாமுராய்களைப் போல ஒரு நெறி உண்டு. உறவு கிடையாது, பேச்சு கிடையாது. கொடுத்த வாக்குக்காகச் செத்துப்போவான். அப்படி ஒருவனைத் திருப்பூர்த் தெருக்களில் நடக்கவிட்டுப் படமெடுக்க வேண்டும் என்று தௌபிக் ஆசைப்பட்டார்.

ஒரு கல்யாணப் பந்தியில் வேல்குமார் கண்ணில் பட்டார். தறிச் சத்தத்தில் பேசினால் யாருக்குக் கேட்கும்? கண்ணாலும் கையாலும் பேசிப் பழகிய மனுசன். ரசம் வேண்டாம் என்பதைக்கூடப் புருவத்தாலேயே சொன்னார். கையைக் கழுவிவிட்டு வந்தவரைத் தௌபிக் அப்படியே பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் படப்பிடிப்பு. பனியன் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும் சந்துகளில், எக்ஸ்போர்ட்டில் கழித்த கறுப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வேல்குமார் வேர்க்க வேர்க்க நடந்தார். தனிமை முகத்தில் தெரிய வேண்டும், யாரோடும் சேர்ந்து சாப்பிடக் கூடாது என்று தௌபிக் சொல்லியிருந்தார். வேல்குமார் அதை வீட்டிலும் கடைப்பிடித்தார். தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்.

அவருடைய அம்மா ராமாத்தாளுக்குப் படத்தைப் பற்றி எதுவும் தெரியாது. மகன் ஓவர்டைம் போகிறான் என்றுதான் நினைத்திருந்தார். பேச்சும் நின்று தனியாகவும் சாப்பிடுவதைப் பார்த்ததும், பையன் மனசில் ஏதோ அடி விழுந்திருக்கிறது என்று பயந்து, திருமுருகன்பூண்டிக் கோயிலுக்கு விளக்குப் போட வேண்டிக்கொண்டார்.

கடைசிக் காட்சியை அதே திருமுருகன்பூண்டியில், சிற்பப் பட்டறைகள் இருக்கும் தெருவில்தான் எடுத்தார்கள். பாதி செதுக்கிய சாமி சிலைகளுக்கு நடுவே அந்தக் கொலைகாரன் குண்டடிபட்டு விழ வேண்டும். சாயப்பட்டறையிலிருந்து வாங்கி வந்த சிவப்புச் சாயம் சட்டையெல்லாம் வழிந்தது. வேல்குமார் கண்ணை மூடிக் கிடந்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

விளக்குப் போட அன்றைக்கென்று பஸ் ஏறி வந்த ராமாத்தாள், தெருவில் கூட்டத்தைக் கண்டு எட்டிப் பார்த்தார். அடுத்த நிமிசம் மகனின் தலை அவர் மடியில் இருந்தது.

“என்ற கண்ணு, ஆருடா உன்னைய இப்பிடிப் பண்ணுனது? ஒரு வார்த்த பேசு சாமி.”

செத்தவன் அசையக் கூடாது என்பது தௌபிக்கின் கண்டிப்பு. வேல்குமார் ஒரு மூச்சுதான் தாங்கினார். பிறகு கண்ணைத் திறந்து, “எனக்கு ஒண்ணுமில்லீங்கம்மா, இது சாயமுங்க” என்றார்.

ராமாத்தாள் ஓங்கி ஒரு அறை விட்டார். அறைந்த கையாலேயே முந்தானையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தார். தௌபிக் வந்து மன்னிப்புக் கேட்டுக் கதையை விளக்கினார்.

“அவனுக்கு ஆருமே இல்லீங்கம்மா. அதுதானுங்க கதையே.”

“ஆருமில்லாமப் பொறந்தானாக்கும்? பெத்தவ ஒருத்தி இருப்பா இல்ல?” என்றார் ராமாத்தாள்.

அந்தக் கேள்வியைத் தௌபிக் பல நாள் யோசித்தார். கடைசியில், ராமாத்தாளோடு அந்தக் காட்சியை அப்படியே வைத்துக்கொண்டு, வேல்குமார் கண் திறப்பதற்கு முன் வெட்டிப் படத்தை முடித்தார்.

சாமளாபுரம் கல்யாண மண்டபத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டார்கள். சாமுராய் நடையைப் பார்த்துச் சனம் சிரித்தது. கடைசிக் காட்சியில் மண்டபமே அடங்கிப்போனது. கூச்சம் தாங்காமல் வேல்குமார் அதற்கு முன்பே, பாதிப் படத்திலேயே வெளியே போய் நின்றிருந்தார்.

போன ஆடியில் ராமாத்தாள் காலமானார். காரியம் முடிந்த பிறகு, நரைத்த தாடியோடு தௌபிக் வந்து, அந்தக் காட்சியைப் போனில் போட்டுக் கொடுத்தார். வேல்குமார் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பூஜைக் கூடையை நடுத்தெருவில் போட்டுவிட்டு, செருப்புக் கழன்றதுகூடத் தெரியாமல் அம்மா ஓடி வருகிறார்.

“எங்கம்மா இத்தன வேகமா ஓடுவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க” என்றார் வேல்குமார்.

அன்றைக்கு அவர் தறிக்குப் போகவில்லை. பொழுது சாயும்வரை இருவரும் பழைய ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.