கடைசி இரண்டு சிப்பிகள்

மாயா மக்கள் வாழும் சூவாபாக் ஊரில் கடைப்பலகை எழுதுகிறவள் இசித்ரா அஹ்சூப். டயர்க்கடையோ, பஸ் நெற்றியோ, எல்லாம் அவள் தூரிகைதான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அந்த வாயால் போன வேலைகளைச் சேர்த்தால் ஒரு தெரு முழுக்கப் பலகை மாட்டலாம்.

நகராட்சிச் சுவர் அவளுக்குக் கிடைத்ததே பெரிய விஷயம். மாயா முன்னோர் மரப்பட்டைச் சுவடியில் எழுதிவைத்த 13,66,560 என்ற எண்ணை, 260 நாள் கணக்கு மறுபடி தொடங்கும் எட்டு பாட்ஸ் திருநாளுக்குள் அதில் வரைய வேண்டும். புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பி என்றால் ஒன்றுமில்லை; கீழிருந்து மேலே போகப் போகப் படியின் மதிப்பு பெருகும். மேலிருந்து ஐந்து படி: ஒன்பது, ஒன்பது, பதினாறு, சிப்பி, சிப்பி.

மேல் மூன்று படி முடிந்த அன்று நகராட்சிச் செயலாளர் எவேலியோ வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள் மேயர் பெயர் பொறித்த பளிங்குக் கல்லைத் தூக்கி வந்தார்கள்.

"கீழ கல்லு பதிக்கணும். இதோட நிறுத்திக்கம்மா."

"இன்னும் ரெண்டு சிப்பி இருக்கே?"

"சிப்பின்னா சைபர்தான? ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு பெயின்ட்டு?"

இசித்ராவுக்குச் சுருக்கென்றது. "உங்க வயசு அம்பது. அந்த சைபர எடுத்துட்டா மூக்கொழுக நிக்கற அஞ்சு வயசுப் புள்ள நீங்க!"

கல் தூக்கி வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் கரியை எடுத்துத் தரையில் எழுதினாள்.

"நாம நாள் பாக்கற கணக்கு எரநூத்தி அறுபது. இந்த முழு எண்ண அதால வகுங்க, மிச்சமில்ல. சோள வருஷம் முன்னூத்தி அறுபத்தஞ்சு. மிச்சமில்ல. விடிவெள்ளி ஒரு சுத்து அஞ்ஞூத்தி எம்பத்திநாலு. அதுலயும் மிச்சமில்ல. மூணும் ஒரே நாள்ல கூடுது. ரெண்டு சிப்பியையும் எடுத்தா வெறும் மூவாயிரத்து நானூத்தி முப்பத்தாறு. சோள வருஷத்துலயே நூத்தி அம்பத்தோரு நாள் மிச்சம் நிக்கும். வெதைக்கற அன்னிக்கே அறுப்பீங்களா?"

"மேயர் சொல்லிட்டாரு. அடம் புடிச்சா இனிமே நகராட்சி வேலை உனக்குக் கெடையாது."

கல்லைப் பதித்துவிட்டுப் போனார்கள். அவளுக்குப் பயம்தான். வருடத்தில் பாதி நாள் அடுப்பெரிவது நகராட்சி வேலையால். ஆனால் ஊருக்கு நல்ல நாள் கணித்துச் சொல்பவர்கள் திருநாளன்று அந்தச் சுவர் முன்னால்தான் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அரைகுறை எண்ணுக்கா கும்பிடு போடுவார்கள்?

திருநாள் காலையில் கூட்டம் பார்க்கவே சுவரடியில் குந்தி, பளிங்கின் மேல், மேயர் பெயரின் மேலேயே, தடிமனாக இரண்டு சிப்பிகளை வரைந்தாள். எவேலியோ ஓடிவந்தார்.

"ஏய்! மேயர் பேரு எங்க?"

"அடியிலதான் இருக்கு. பேர மறைச்சதுல எண்ணு ஒண்ணும் கொறையல. வேணும்னா வகுத்துப் பாருங்க!"

அதற்குள் நாள் கணிக்கும் பெண் ஒருத்தி சிப்பிகளுக்கு நேர் கீழே முதல் மெழுகுவத்தியை நட்டுவிட்டாள். அடுத்து இன்னொருத்தி, பிறகு முப்பது பேர். எவேலியோ, கல் தூக்கி வந்தவர்களில் ஒருவனைக் கூப்பிட்டு, தின்னரில் நனைத்த துணியைக் கையில் திணித்தார்.

"துடைடா!"

அவன் மெழுகுவத்திகளைப் பார்த்தான், இசித்ராவைப் பார்த்தான். துணியைத் திருப்பி நீட்டினான்.

"நீங்களே துடைச்சுக்குங்க ஐயா. நான் இந்த ஊர்ல பொழைக்கணும்."

எவேலியோ கையை நீட்டவில்லை.