பின்பக்கமாகத் திறக்கும் கதவு

மிளகுத் தரகர் வெங்கடேஸ்வரனுக்கு 1981இல் முதுகில் ஒரு ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு கால்கள் அசையவில்லை. கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் மிளகை உள்ளங்கையில் உருட்டித் தரம் சொன்னவர் இரண்டு வருஷம் கட்டிலிலேயே கிடந்தார். அதற்குள் அவர் மனைவி விசாலாக்ஷி யாரிடமும் கேட்காமல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

பழைய வண்டிகள் இரண்டு விலைக்கு வந்தன. ஒன்று 1974 பத்மினி, இன்னொன்று 1959 ஃபியட். இரண்டையும் வீட்டு வாசலுக்கே வரவழைத்தாள்.

"பத்மினியை எடுத்துக்கோங்கோ மன்னி," என்றான் கொழுந்தன் ராமபத்ரன். "வயசு கம்மி. பிரேக் நன்னா பிடிக்கறது. பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்கும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. பழைய ஃபியட்டின் ஸ்டியரிங் இறுக்கம், பெயின்ட் பொரிந்திருந்தது.

விசாலாக்ஷி கணவரைப் பத்மினியில் உட்கார்த்திப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டார். கால்கள்தான் கதவுக்கும் முன்கண்ணாடி ஓரத்துக் கம்பத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. இரண்டு பேர் மடக்கித் திணிக்க வேண்டியிருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஃபியட்டின் முன்கதவுக்குக் கீல் பின்னால் இருந்தது, அது பின்பக்கமாகத் திறக்கும். கால் வைக்கும் இடத்தில் எந்தத் தடையும் இல்லை. சீட்டில் உட்கார்ந்ததும் அவரே தன் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தார்.

"இதுதான்," என்றாள் விசாலாக்ஷி.

"பூட்டு தேஞ்சிருக்கு மன்னி. ஓடறச்சே திறந்துண்டா?"

"உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கறேன்."

"நீங்க ஓட்ட, அண்ணா சாமான் மாதிரி பக்கத்துல... ஊர்ல என்ன சொல்லுவா?"

"ரெண்டு வருஷமா சாமான் மாதிரிதானே உள்ளே கிடந்தார். அப்போ ஊர் ஒண்ணும் சொல்லலையே."

மறுவாரமே பஜாரில் மிளகு மூட்டைகள் அடுக்கிய ஒரு கிட்டங்கி வாசலில், வெங்கடேஸ்வரனோடு ஃபியட் நின்றது. சுமைக்காரர்களின் தலைவன் ஹம்சா வந்து குனிந்தான்.

"சேச்சி, வண்டியை மாத்தி நிறுத்தணும். லாரி வரும்."

"வரட்டும், மாத்தறேன். வராத லாரிக்கு மாத்த மாட்டேன்."

அவன் சிரித்துவிட்டுப் போனான். அன்று மூன்று வியாபாரிகள் கார் ஜன்னலில் மிளகோடு கை நீட்டினார்கள். வெங்கடேஸ்வரன் மிளகை முகர்ந்தார், கடித்துப் பார்த்தார், ஒருவரை ஏசினார்.

கிட்டங்கி முதலாளி அனந்தநாராயணனுக்குத்தான் பொறுக்கவில்லை. "எதுக்கு இந்த அலைச்சல்? சாம்பிளை ஆத்துக்கே கொடுத்து அனுப்பறேனே," என்றார் விசாலாக்ஷியிடம்.

அவள் பதில் சொல்வதற்குள் வெங்கடேஸ்வரன் முந்திக்கொண்டார். "நல்லதாப் பொறுக்கி அனுப்புவேள். எனக்குச் சாக்கைப் பார்க்கணும். அவிழ்க்கச் சொல்லுங்கோ."

சாக்கு அவிழ்ந்தது. அதற்குப் பிறகு ஆறு வருஷம், ஞாயிறு தவிர, அந்த ஃபியட் பஜாரில் நின்றது.