கரையில் எவருக்கும் இல்லாத பெயர்

கல்முனையில் பிறப்புப் பதிவு செய்யும் அலுவலகம் ஒன்றுக்கு எதிரில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் என்னிடம் வருவார்கள். தெரிந்தும் பயந்தவர்களும் வருவார்கள். பதினேழு வருடமாக இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு என் கையெழுத்தில்தான் முதலில் பெயர் விழுகிறது. ஆகவே பெயர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு, அதை மறைக்கவும் போவதில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு ஸெட்டோ எக்ஸோ வராத பெயரை இப்போது யாரும் பெயராகவே எடுப்பதில்லை. போன கிழமை ஒரு தாயிடம் பிள்ளையின் பெயரைக் கேட்டேன். "பொறுங்க காக்கா" என்று அண்ணன் முறையில் சொல்லிவிட்டுப் போனைத் திறந்து பார்த்து வாசித்தாள். பெற்றவளுக்கே மனப்பாடம் ஆகாத பெயர்!

ஆனால் றிபாத்தை நான் அந்தக் கூட்டத்தில் சேர்க்க மாட்டேன். அவனுக்குக் காரணம் இருந்தது.

றிபாத் பிஸ்கட் கம்பனி ஒன்றின் சின்ன லொறியில் பெரியநீலாவணையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கடை கடையாகச் சாமான் போடுகிறவன். வயது முப்பத்தாறு. அவன் பிறந்த வருடம் எங்கள் உம்மாமாருக்கு என்ன பிடித்ததோ தெரியாது, பெற்ற ஆண்பிள்ளைக்கெல்லாம் றிபாத் என்று வைத்துத் தள்ளினார்கள். அவன் வகுப்பில் மட்டும் ஐந்து பேர். கறுத்த றிபாத், பல்லு றிபாத், மோதினாரின் மகன் மோதின் றிபாத், என் தம்பி நெட்டை றிபாத். நம்மவன் கறுப்புமில்லை, நெட்டையுமில்லை, பல்லும் ஒழுங்காக இருந்தது. அடையாளம் சொல்ல ஒன்றும் கிடைக்காததால் அவனை 'மற்ற றிபாத்' என்றார்கள்.

மற்ற றிபாத்தாகவே வளர்ந்தான். நான்காம் வகுப்பில் அவன் வாங்க வேண்டிய பரிசை மேடையேறி வாங்கிக்கொண்டு வந்தவன் என் தம்பி. அந்தக் கிண்ணம் இன்றைக்கும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. கல்யாணம் பேசிய தரகர் பெண் வீட்டில் காட்டியது பல்லு றிபாத்தின் போட்டோவை. நிக்காஹ் அன்று மாமனார் மீராசா ஹாஜியார் மாப்பிள்ளையை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆள் மாறிட்டோ?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டாராம்.

பிறகு, தேவாலயங்களில் குண்டு வெடித்த இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஏப்ரல் வந்தது. அந்த மாதத்துக்குப் பிறகு எங்கள் பெயர்களுக்கெல்லாம் கெட்ட காலம். யாரோ ஒரு றிபாத்தின் பெயர் யாரோ ஒருவருடைய பட்டியலில் இருந்திருக்கிறது. லொறியை மறித்து அடையாள அட்டையை வாசித்தவர்கள் நம்மவனை இறக்கிக்கொண்டு போனார்கள். பதினொரு நாள் வைத்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் மற்ற றிபாத்தாக இருந்தவன், அந்த ஒரு தடவை மட்டும் அசல் றிபாத் ஆகிவிட்டான். விடும்போது, "ஆள் நீ இல்லை, வேற ஆள்" என்றார்களாம். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரிப்போம். அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் கரையில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுகிறவன். சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்றுகூட அவனைக் கேட்க மாட்டார்கள். றிபாத்தின் முதலிரண்டு பிள்ளைகளும் பெண்கள், இரண்டு பேருக்கும் ஹாஜியார்தான் பெயர் வைத்தார். மூன்றாவதாக அவன் மனைவி றுமானாவுக்கு மகன் பிறந்தபோதும் ஆஸ்பத்திரி வாசலிலேயே, தன் வாப்பாவின் பெயரான இஸ்மாயில் என்பதுதான் பெயர் என்று அறிவித்துவிட்டார்.

"இந்தப் புள்ளைக்குப் பேர் நான் வைக்கிற மாமா" என்றான் றிபாத். கல்யாணம் முடித்து ஏழு வருடத்தில் அந்தக் குடும்பத்தில் அவன் சத்தமாகச் சொன்ன முதல் வசனம் அதுதான்.

"உள்ளுக்குக் கிடந்த ஒங்கள பெரிய இடத்தில கதைச்சு வெளிய எடுத்தவன் நான், மருமகன். ஒரு பேர் வைக்க எனக்கு உரிமை இல்லியா?"

"அதுக்காகத்தான் மாமா. இவன வேற ஒருத்தன் எண்டு ஆரும் புடிச்சிட்டுப் போகப்படா."

ஹாஜியார் குடையை எடுத்துக்கொண்டு வயல் பார்க்கச் சவளக்கடைக்குப் போய்விட்டார். ஒரு கிழமை பேசவில்லை.

மௌலவி ஒருவரிடம் கேட்டு றிபாத் எடுத்த பெயர் உக்காஷா. நபியவர்களின் தோழரான ஸஹாபி ஒருவரின் பெயர், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கரையில் வேறு எவருக்கும் அது இல்லை என்று எப்படி உறுதி செய்வது? இங்கேதான் அவன் தன் தொழில் புத்தியைப் பாவித்தான். ஏழாம் நாள் பெயர் வைக்க முன்னர், லொறியோடு போய் ஒவ்வொரு கடையிலும் சாமானை இறக்கிவிட்டு விசாரித்தான். "இந்தப் பக்கம் உக்காஷா எண்டு ஆரும் புள்ள இரிக்கா? இல்லியா? நல்லம். இந்தக் கரையிலயே இல்லாத பேர். ஸஹாபிர பேர்." நான்கு நாளில் நூற்றுமுப்பது கடை. ஓடர் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஊர் ஊராக 'இல்லை', 'இல்லை' என்று எழுதி வைத்தான். பெரியநீலாவணையில் கடை வைத்திருக்கும் சுலோஜனா அக்காவையும் விடவில்லை.

"தம்பி, எங்கட கதிர்காமன்மாருக்குள்ள உக்காஷா எங்க இரிக்கப் போறான்?" என்று அவர் சிரித்திருக்கிறார். அதற்கும் ஒரு 'இல்லை' எழுதிக்கொண்டான்.

ஏழாம் நாள் தலைமுடி இறக்கி, ஆடு அறுத்து, பெயர் சொன்னார்கள். இரண்டு கிழமை கழித்து என் கடைக்கு வந்தான். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். படிவத்தை எடுத்துக்கொண்டு பெயரைக் கேட்டேன். சொன்னான்.

"ஓ, இதுவும் உக்காஷாவா?" என்று என் வாய் சொல்லிவிட்டது.

மருதமுனையில் ஒன்று, நிந்தவூரில் ஒன்று, சாய்ந்தமருதில் ஒன்று. அந்த இரண்டு கிழமைக்குள் மூன்று உக்காஷாவை நானே எழுதியிருந்தேன். புதுப் பைத்தியம் ஒன்று தொடங்கிவிட்டதாக்கும் என்றுதான் நினைத்தேன். தவளை தன் வாயால் கெட்டிருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. பிஸ்கட்டோடு பெயரையும் கடை கடையாகப் போட்டுவிட்டு வந்திருக்கிறான்!

நேரே மருதமுனைக்குப் போய் ஹப்ஸாவின் கடையில் நின்று சத்தம் போட்டான். அந்த ஊர் உக்காஷா அவள் பேரன், பெயர் வைத்தவளும் அவள்தான். "நீங்கதானே வந்து சொன்னீங்க, ஒருத்தருக்கும் இல்லாத நல்ல பேரெண்டு? நல்லாரிக்கே எண்டு வெச்சம். மறுகா வந்து சண்டை புடிச்சா எப்படி?" என்று கேட்டுவிட்டு, போன தடவை இறக்கிய பெட்டியில் நொறுங்கின பிஸ்கட் இருந்ததாக அவனையே திருப்பித் திட்டினாள்.

அடுத்தது பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு ஒரு மனு. அதையும் நான்தான் டைப் செய்து கொடுத்தேன். இந்தப் பெயரை இனி வேறு பிள்ளைகளுக்கு வைக்காமல் தடை செய்ய வேண்டுமாம். தலைவர் மனுவை இரண்டு தடவை வாசித்தார். "தம்பி, பேரை வெச்சவன் நீங்களும் இல்ல, நானும் இல்ல. ஸஹாபிர பேருக்கு வேலி அடைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார். சபையில் இருந்த மற்றவர்கள் தொப்பியைச் சரிசெய்வதுபோல் முகத்தை மறைத்துச் சிரித்தார்கள். அந்தக் கதை அன்று மாலை மஃரிப் தொழுகைக்குள் எல்லாத் தேநீர்க் கடைக்கும் போய்ச் சேர்ந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேறொரு பெயரோடு வருவான். நான் அதை எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறது என்பேன். உண்மையில் கேட்டதும் இருந்தது, சும்மா சொன்னதும் இருந்தது. படிவம் வெறுமையாகவே கிடந்தது. பதிவுக்கு நாள் முடிந்துகொண்டு வந்தது.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடிந்த மறுநாள் றுமானா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனோடு வந்தாள். அவன் எட்டாவது பெயரைச் சொல்லத் தொடங்கினான். அவள் குறுக்கே விழுந்தாள்.

"உக்காஷா எண்டே எழுதுங்க காக்கா."

"விசரா ஒனக்கு? மூண்டு பேர் இப்ப நாலு பேராகிட்டானுகள்."

"இரிக்கட்டும்." அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "வாப்பா பெரிய இடத்தில கதைச்சு ஒங்கள எடுத்த எண்டு நம்பிக்கிட்டு இரிக்கீங்க. அந்தப் பதினொரு நாளும் வாப்பா கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ள இரிந்தார். ஒருத்தரோடயும் கதைக்கல்ல. வாப்பாட மானம் போகும் எண்டுதான் இவ்வளவு நாளும் நானும் வாய் திறக்கல்ல, மத்தவங்களையும் திறக்க விடல்ல. நானும் ஒங்கட உம்மாவும் றிபாத்மார்ர வீடு வீடாப் போனம். அட்டையை எடுத்துக்கிட்டு வாங்க, இந்தப் பேர் எத்தின பேருக்கு இரிக்கெண்டு அவங்களுக்குக் காட்டணும் எண்டு கெஞ்சினம். பாதிப் பேர் போனை ஓஃப் பண்ணிட்டாங்க. ஒம்பது பேர் வந்தாங்க. பல்லு றிபாத்தான் முன்னுக்கு நிண்டார். ஒம்பது அட்டையையும் வாசிச்ச பொலிஸ் ஐயா, எல்லாரும் றிபாத்தா எண்டு தலையில கையை வெச்சார். ரெண்டு நாள்ல ஒங்கள விட்டாங்க."

"ஒம்பது பேரா?" என்றான் அவன்.

"ஒருத்தருக்கும் இல்லாத பேரை இவனுக்கு வெச்சா, நாளைக்கு ஒண்டு நடந்தா, நான் ஆர்ர வீட்டுக் கதவைத் தட்டுற?"

நான் படிவத்தைப் பார்த்தபடி இருந்தேன். வெட்கமாக இருந்தது. அந்த நாட்களில் போனை ஓஃப் பண்ணிய பாதியில் என் தம்பி நெட்டை றிபாத்தும் ஒருவன். ஓஃப் பண்ணச் சொன்னது நான். றுமானாவுக்கு அது தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் என் கடையில் நின்று சொல்கிறாள் என்று பட்டது.

றிபாத் பேனையை என் கையிலிருந்து வாங்கினான். இந்தப் பதினேழு வருடத்தில் என் மேசையில் வேறொருவர் பெயர் எழுதியது அன்றைக்குத்தான். ஒவ்வொரு எழுத்தாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் உக்காஷா என்று எழுதினான்.

"காக்கா, இதோட மொத்தம் எத்தின உக்காஷா?"

"ஒங்கடயோட அஞ்சு."

அவன் பேனையை என் கையில் திருப்பித் தந்தான்.

"அஞ்சு பத்தாது காக்கா" என்றான்.