தருமபுரத்துக்குத் திரும்பிப் போன அவரை

அன்று தட்டிவானில், பலகை அடித்த அந்தப் பழைய வண்டியில், இருந்தவர்கள்: சாரதி யோகன். சிலாவத்தையில் ஏறிய மரியமலர், அவவின் காலடியில் ஒரு கடகம் கருவாடு. விசுவமடுவில் இறங்க வேண்டிய ஒரு பெரியவர், அவருடைய கிடாய் ஆடு. சங்கக்கடையில் வேலை செய்யும் இரண்டு பேர், ஏறினதிலிருந்து நித்திரை. பிறகு நான். என் மடியில் துவாயால் சுற்றிய ஒரு கண்ணாடிப் போத்தல். போத்தலையும் ஓர் ஆளாகவே எழுதுகிறேன். அதற்காகத்தான் இந்தப் பயணமே.

2000ஆம் ஆண்டு, புரட்டாசி மாதம், ஒரு புதன்கிழமை. காலை ஏழு மணிக்குப் புதுக்குடியிருப்புச் சந்தியில் ஏறினேன். தருமபுரம் அங்கிருந்து இருபது கிலோமீற்றர் வரும். கட்டணம் நாற்பது ரூபாய். பெற்றோல் இல்லாத காலம். யோகன் ஒரு சின்னப் போத்தல் மூடி அளவு பெற்றோலை விட்டு வானை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவான். புறப்படும்போது எழும்பிய புகையில் ஆடு தும்மியது.

"தம்பி, இது இடையில நிண்டுபோகாதோ?" என்று கேட்டேன்.

"நிண்டால் இறங்கித் தள்ளுவம் அண்ணை. நீங்கள் இருக்கிறியள்தானே."

"எனக்கு ஏலாது. என்ர கையில போத்தல் இருக்கு."

"அப்ப ஆட்டைத் தள்ளச் சொல்லுவம்."

போத்தலுக்குள் இருந்தது அவரை விதை. அது என்னுடையதல்ல. தருமபுரத்து லெச்சுமியுடையது. மலையகத் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் அவவின் தகப்பன் போட்டு வந்த விதை. எழுபத்தேழு கலவரத்தில் குடும்பத்தோடு வன்னிக்கு ஓடி வந்தபோது, அந்த மனிசன் ஒரு பால்மாப் பேணிக்குள் கொண்டுவந்து சேர்த்ததாம். அவருடைய முன்னோர் அதை அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து, கப்பலில் கொண்டுவந்தவர்கள். போன வருசம் லெச்சுமி புதுக்குடியிருப்புச் சந்தைக்கு மரக்கறி விற்க வந்தபோது, நான் அந்த அவரைக்காயைக் கையில் எடுத்துப் பார்த்தபடி நின்றேன். யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்தவன், இப்போது கொட்டிலில் இருக்கிறவன் என்று கதை தொடங்கியது. "உங்க பக்கம் என்னா மண்ணு?" என்று கேட்டவ, அடுத்த முறை வரும்போது ஒரு சிரட்டை விதை கொண்டுவந்து என் சாரத்து மடியில் கொட்டினா. காசு வாங்கவில்லை. "வெதைக்குக் காசு வாங்க மாட்டோம். நான் கேக்குறப்ப இதே செரட்டை குடுங்க, போதும்" என்றா.

அது அவவின் வழக்கம். ஒவ்வொரு வருசமும் மூன்று வீட்டுக்குக் கொடுப்பா. மணல் தரையில் ஒரு வீடு, செம்மண்ணில் ஒரு வீடு, வயல் கரையில் ஒரு வீடு. தன்னுடையது போனாலும் எங்கேயாவது நிற்கும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு இந்த வருசம் தேவைப்பட்டது. மார்கழி மழையில் வாய்க்கால் உடைத்து லெச்சுமியின் பந்தல் பூவோடு சரிந்து அழுகிவிட்டது. ஒரு விதைகூட மிஞ்சவில்லை. போன கிழமை யோகனிடம் சொல்லி அனுப்பியிருந்தா: மழைக்கு முன்னம் விதையைக் கொண்டுவரச் சொல்லு. அவரை மழையோடு போட்டு முளைக்க வேண்டும். இந்த மழையை விட்டால் ஒரு வருசம் போய்விடும்.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. வண்டு குத்தியிருக்குமோ, முளைக்காமல் விடுமோ, வழியில் போத்தல் உடையுமோ. ஒருவருடைய முன்னோர் கடல் தாண்டிக் கொண்டுவந்த விதை என் கையில் அழிந்தால் அந்த மனுசியின் முகத்தில் எப்படி முழிக்கிறது? ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தோட்ட வேலை ஒன்றுதான் ஒழுங்காகத் தெரியும். அதனால் என் அறிவுக்கு எட்டினபடி ஒழுங்காகவே செய்திருந்தேன். மாசி தொடக்கம் சித்திரைவரை பிடுங்கி, நிழலில் காயவைத்து, சுளகில் போட்டுப் புடைத்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கொழுத்துச் சிவந்த விதைகளை மட்டும் சாம்பல் பூசிப் போத்தலில் அடைத்தேன். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வோம். நல்லதை எடு, நோஞ்சலைக் கழி.

வள்ளிபுனம் தாண்டும்போது மரியமலர் என் மடியைப் பார்த்தா. "என்னண்ணை, கைக்குழந்தை மாதிரி அணைச்சுக்கொண்டு வாறியள்?"

"அவரை விதை. தருமபுரத்தில ஒராளுக்குக் குடுக்கோணும்."

"ஆர், லெச்சுமிக்கோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தா. கடகத்துக்குள் கைவிட்டு, கருவாட்டுக்கு அடியிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்தா. "எனக்கும் ஆள் அனுப்பினவா. கருவாட்டுக்கு மரக்கறி மாத்தப் போற இடத்தில தந்த விதை. என்ர கொட்டில் கூரையில படர்ந்து கிடக்குது. உப்புக் காத்துக்கும் சாகேல்லை."

பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினா. பாதி கோதோடு, பாதி மணலோடு. கறுப்பு, புள்ளி, கோணல், சூம்பல், எல்லாம் ஒன்றாக. கருவாட்டு மணம் வேறு.

"இதைப் பொறுக்கேல்லையோ?"

"பொறுக்க எனக்கெங்க நேரம்? வலை பின்னுறதோ, அவரை எண்ணுறதோ?"

பாவம், லெச்சுமி இதைப் பார்த்து என்ன சொல்லப் போறாவோ என்று மனதுக்குள் இரங்கினேன். நான் இரங்கிக்கொண்டு இருக்கையில் ஆடு கழுத்தை நீட்டிக் கடதாசியின் ஒரு மூலையைக் கவ்வியது. மரியமலர் அதன் மூக்கில் ஒரு அறை விட்டா. ஆடு என்னைக் கோபத்தோடு பார்த்தது. விசுவமடுவில் அது இறங்கும்வரை நான் போத்தலைச் சாரத்துக்குள் வைத்திருந்தேன்.

ஒன்பது மணியளவில் தருமபுரம். பிரதான வீதியிலிருந்து கிரவல் ஒழுங்கையில் கால் மணி நேர நடை. ஒழுங்கை முழுக்க மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் காணிகள். முக்கால்வாசி மண்வீடு, ஆனால் வேலிக்குள் எட்டிப் பார்த்தால் காலெடுக்க மனம் வராது. லெச்சுமியின் காணி அரை ஏக்கர்தான். கிணற்றடியில் மூன்று விதக் கத்தரி. அதில் ஒன்று வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் அவவின் மால் கொட்டிலில் தங்கியிருந்தபோது கொடுத்தது. வேலியோரம் நீட்டுப் பயிற்றை, பூவரசங்குளத்துப் பக்கத்திலிருந்து ஓடிவந்த ஒருவர் தந்தது. குசினிக்குப் பின்னால் தகப்பன் கொண்டுவந்த குரக்கன், இரண்டு பாத்தி. வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அவர்கள் கொண்டுவந்தது நிற்கிறது. உரமும் மருந்தும் தடைப்பட்டு, கடை விதை வராமல் பெரிய தோட்டக்காரர் எல்லாம் கைகட்டி இருந்த வருசங்களில் இந்த ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் கறி இல்லாமல் சோறு தின்னவில்லை என்று மரியமலர் சொன்னா. நம்பத்தான் வேண்டும், கண்ணுக்கு முன்னால் நின்றது.

"வாங்கண்ணே, மரியக்கா வாங்க, ஒக்காருங்க." லெச்சுமிக்கு நாற்பது வயதிருக்கும். கையில் மண். இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டு, ஒரு சுளகைக் கொண்டுவந்து முன்னால் வைத்தா. நான்தான் முதலில் அவிழ்த்தேன், கொஞ்சம் பெருமையோடும்தான். சிவப்பு விதைகள் சுளகில் மணி மணியாக உருண்டன. ஒன்றில்கூடக் குறை இல்லை.

லெச்சுமி கையால் அளைந்தா. "அழகா வச்சிருக்கீங்க." பிறகு போத்தலைக் கவிழ்த்துத் தட்டினா. உள்ளே எட்டிப் பார்த்தா. "மத்ததெல்லாம் எங்கண்ணே?"

"எது மற்றது?"

"வெள்ளை. கறுப்பு. புள்ளி போட்டது."

"அதெல்லாம் சின்னன். சூம்பல். பொறுக்கிக் கழிச்சிட்டன்."

அவ மரியமலரின் பொட்டலத்தை வாங்கி மணலும் கோதுமாகச் சுளகில் கொட்டினா. முகம் மலர்ந்தது. "கறுப்பு இருக்கு. புள்ளி இருக்கு. ஆத்தா, காப்பாத்துனீங்க மரியக்கா." தேடித் தேடிப் பார்த்துவிட்டு விரல் நின்றது. "வெள்ளை மட்டும் இல்ல."

"எங்கட மணலுக்கு வெள்ளை நிக்கேல்லை, பிள்ளை."

பிறகு லெச்சுமி எனக்குச் சொன்னா, கணக்குச் சொல்கிற மாதிரி. வெள்ளைதான் முதலில் காய்க்கும், தைப்பொங்கலுக்கு. சிவப்பு அதற்குப் பின்னால். கறுப்பு கடைசி, பங்குனி வெயிலில் மற்றதெல்லாம் காய்ந்த பிறகும் அது காய்க்கும். "எல்லாம் ஒரே சாதியா இருந்தா ஒரே நேரத்துல காய்க்கும், ஒரே நேரத்துல சாகும். மிச்ச மாசம் என்னாத்தண்ணே திங்கிறது? இது ஒரு கொடி இல்ல, ஒரு குடும்பம்."

மூன்றாவது வீட்டுக்காரர், வயல் கரைக்காரர், இடம்பெயர்ந்து எங்கே போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆக வெள்ளை விதை இந்த உலகத்தில் இருந்தால், நான் கழித்ததில்தான் இருக்க வேண்டும். கழித்ததை என் மனிசி ராணி ஒரு பேணியில் போட்டு வைத்திருந்தா, கறிக்கு. போன கிழமை ஒரு நாள் அதில் வைத்த குழம்பை நான் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"மிச்சம் இருக்காண்ணே?"

"தெரியாது, தங்கச்சி."

லெச்சுமி தந்த தேத்தண்ணியை முழுதாகக் குடிக்கவில்லை. யோகனின் வான் திரும்பப் பகல் இரண்டு மணியாகும். அதுவரை வீதியில் நின்றேன். இன்றைக்கு என்ன கறி? நிவாரணப் பருப்பு கிழமை முடிவில் தீர்ந்துவிடும். இன்று புதன். பருப்பு இருக்குமோ, இராதோ? மரியமலர் பக்கத்தில் வெறும் கடகத்தோடு நின்று, "கும்பிடுங்கோ அண்ணை, உங்கட சாமியையும் கும்பிடுங்கோ, என்ர மாதாவையும் கும்பிடுங்கோ, ஆராவது பருப்பைக் காப்பாத்துவினம்" என்றா. வான் உடையார்கட்டில் நின்றுபோனது. தள்ளினேன். இந்த முறை கையில் போத்தல் இல்லை.

வீட்டு வாசலிலேயே கேட்டேன், "அந்தப் பேணி எங்க?"

ராணி அடுப்படியிலிருந்து நிமிர்ந்தா. "எந்தப் பேணி? அவரையோ? பருப்பு முடிஞ்சுது. ஊறப்போட்டிருக்கிறன், இரவுக்கு."

"அவிச்சிட்டீரோ?"

"என்னப்பா, பேய் அடிச்ச மாதிரி? தண்ணிக்குள்ளதான் கிடக்குது."

சட்டியை முற்றத்து வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து குந்தினோம். விதைகள் ஊதி, தோல் மினுங்கியபடி கிடந்தன. கறுப்பு, சிவப்பு, புள்ளி. அடியில் வெள்ளை. ராணிதான் எண்ணினா, பத்தொன்பது. கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "கழிச்சதைக் கறியாக்கி, கறியைத் திரும்ப விதையாக்கிறியள். அப்ப இரவுக்கு என்ன, உங்கட தலையை அவிக்கிறதோ?" என்றா. ஆனாலும் தன் பழைய சீலையைக் கிழித்து நனைத்துச் சுற்றித் தந்தது அவதான். ஊறின விதை மழைக்காகக் காத்திராது. நாளைக்கே மண்ணுக்குள் போக வேண்டும். அன்றிரவு சோறும் சம்பலும்.

வியாழக்கிழமை காலை அதே வான். முதல் நாள் போக வர எண்பது ரூபாய் போயிருந்தது, கையில் ஒரு சதமும் இல்லை. "பிறகு தாறன் தம்பி" என்றேன். யோகன் நனைந்த துணியைப் பார்த்தான். "இண்டைக்கு உண்மையாவே குழந்தைதான், ஈரமும் பண்ணியிருக்கு" என்றான். வரும்போது அவன் வானுக்குக் காத்திராமல் மணல் ஏற்றி வந்த ஒரு உழவு இயந்திரத்தில் தொற்றி வந்தேன், அது இனாம்.

லெச்சுமி துணியைப் பிரித்ததும் ஒரு வெள்ளை விதையில் முளை வெடித்திருந்ததைக் கண்டா. கிணற்றில் தண்ணீர் அள்ளிப் பாத்தியை நனைத்தா. மூன்று பேர் வந்தார்கள், பக்கத்துக் காணிக்காரர். வெள்ளையில் பத்தைத் தானே நட்டு, மூன்று மூன்றாக அவர்களிடம் பிரித்துக் கொடுத்தா. பத்தொன்பதும் சரி. எனக்கு மனம் பதைத்தது, இவ்வளவு பாடுபட்டு வந்ததை உடனே பிரிக்கிறாவே என்று. "வச்சிருந்தா பயம்ண்ணே, குடுத்துட்டா தூங்கலாம்" என்றா. வாழ்நாள் முழுக்கப் பயந்து வந்தவனுக்கு அப்படி ஒரு மருந்தை யாரும் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் எனக்குப் பத்துப் பரப்புச் செம்மண் இருந்தது. வடிவான தோட்டம், ஒரே உயரம், ஒரே நிறம், விதை பெரும்பாலும் கடையில். ஓடி வந்த அன்று அதில் ஒன்றும் என்னோடு வரவில்லை. இவர்கள் இரண்டு தரம் ஊர் விட்டு வந்தவர்கள், இரண்டு தரமும் விதை கூட வந்தது.

நேற்று, தை மாதம் நாலாம் நாள், யோகன் சந்தியில் வானை நிறுத்தி ஒரு பையை நீட்டினான். பிஞ்சு அவரைக்காய், இளம்பச்சை. "லெச்சுமியக்கா தந்துவிட்டவா. வெள்ளையாம், முதல் காய். உங்களுக்கும் விதை தனியா எடுத்து வைப்பாவாம், எல்லாச் சாதியும். ஒண்டையும் பொறுக்க வேண்டாமாம்."

விதைக்குக் காசு வாங்க மாட்டா என்று எனக்குத் தெரியும். சும்மா நன்றி சொல்லிவிட்டு நடந்தேன். பின்னாலிருந்து ஹோர்ன் அடித்தது.

"அது சரி அண்ணை, என்ர வியாழக்கிழமைக் காசு?"

நாற்பது ரூபாய். இன்னும் கொடுக்கவில்லை.